குளிருக்கு ஹீட்டரைக் கூட்டுவதற்கு முன்

எனக்கு வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் வந்தாலே மின் கட்டணம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறுகிறது. ஹீட்டரைக் குறைத்தால் வீட்டில் இருக்கும் கைக்குழந்தைக்கும் 75 வயது மாமியாருக்கும் தாங்கவில்லை. ஹீட்டரை நாள் முழுக்கக் குறைவாக ஓடவிடுவது சிக்கனமா, வேண்டும்போது மட்டும் போடுவது சிக்கனமா? 'குறைந்த மின்சாரம், அதிக வெப்பம்' என்று விற்கும் புது ஹீட்டர் ஒன்றை வாங்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

வாங்க வேண்டாம். பிளக்கில் மாட்டும் மின் ஹீட்டர்கள் எல்லாமே மின்சாரத்தை வெப்பமாக மாற்றுவதில் ஒன்றுதான். 1500 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 1.5 யூனிட் மின்சாரம் எடுக்கும், 1.5 யூனிட் வெப்பம் தரும். உள்ளே எண்ணெய் இருந்தாலும், செராமிக் இருந்தாலும், விசிறி இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மாறுவது, அந்த வெப்பம் உங்களிடம் வந்து சேரும் விதம். எண்ணெய் ஹீட்டர் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும், சத்தம் போடாது. படுக்கையறைக்கு அது சரி. விசிறி ஹீட்டர் சின்ன அறையைச் சட்டென்று சூடாக்கும். செக்கச்செவேலென்று கனலும் ஹீட்டர், வெயில் மாதிரி, எதிரே இருப்பவர் மேல் நேராக வெப்பத்தை வீசும். ஒருவர் ஒரே நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காரப் போகிறார் என்றால், முழு அறையையும் சூடாக்காமல் அவரை மட்டும் சூடாக்க அது உதவும். அதாவது மிச்சம் பிடிப்பது நாம் பயன்படுத்தும் முறை.

இதற்கு ஒரே விதிவிலக்கு ஹீட் பம்ப். உங்கள் வீட்டு ஏசியின் ரிமோட்டில் சூரியன் படம் போட்ட பொத்தானோ 'ஹீட்' என்ற பயன்முறையோ இருந்தால், அது பெரும்பாலும் ஹீட் பம்ப்தான். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளியே இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு வந்து உள்ளே கொட்டுகிறது. வெளியே 5 டிகிரி என்றாலும் அந்தக் காற்றிலும் வெப்பம் இருக்கத்தான் செய்கிறது. அதை இழுத்து வரும் வேலைக்கு மட்டும்தான் மின்சாரம். அதனால் மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும். இந்த வழி சாத்தியம் என்று இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1852ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். வெளியே குளிர் ஏற ஏற இந்த விகிதம் குறையும். சில சமயம் வெளிப்பெட்டியில் பனி படிந்து, அதை உருக்குவதற்காகச் சில நிமிடம் வெப்பம் நின்றுபோகும். அது பழுது அல்ல, பயப்பட வேண்டாம். காற்று வரும் தகடுகளைத் தரையைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள். 'ஏசி என்றால் பில் ஏறும்' என்ற பழக்கத்தில் அதை மூடி வைத்துவிட்டு, பக்கத்திலேயே எண்ணெய் ஹீட்டரை ஓடவிடும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் அதே கதகதப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் கிடைத்திருக்கும்.

அடுத்தது, நாள் முழுக்கக் குறைவாகவா, வேண்டும்போது மட்டுமா என்பது. வீட்டை ஒரு ஓட்டைக் குடமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் தண்ணீர்தான் வெப்பம். தண்ணீர் மட்டம் உயரமாக இருந்தால் ஓட்டை வழியே வேகமாக ஒழுகும், மட்டம் இறங்கினால் ஒழுக்கும் மந்தமாகும். ஹீட்டரை நிறுத்தினால் வீடு ஆறுகிறது. ஆற ஆற, வெளியே போகும் வெப்பமும் குறைகிறது. திரும்ப ஹீட்டரைப் போடும்போது, இடையில் ஒழுகியதை மட்டும்தான் நிரப்புகிறோம். நாள் முழுக்க மட்டத்தை உயர்த்தியே வைத்திருந்தால் அதைவிட அதிகம் ஒழுகியிருக்கும். 'ஆறிப்போன வீட்டை மறுபடி சூடாக்கத்தான் அதிகம் செலவாகும்' என்று பலர் நம்புகிறார்கள். மறுபடி போட்டதும் ஹீட்டர் விடாமல் ஓடுவது கண்ணில் படுகிறது, நிறுத்தி வைத்த நேரத்தில் மிச்சமானது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். வீட்டில் யாரும் இல்லாத நேரத்திலும், எல்லோரும் போர்வைக்குள் இருக்கும் நேரத்திலும் குறைத்துவிடுங்கள்.

இதில் இரண்டு விலக்கு உண்டு. வீடு முழுவதற்கும் ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் அதை நிதானமாக, ஒரே சீராக ஓடவிடுவது நல்லது. அவசரமாகச் சூடேற்றச் சொன்னால் அதன் திறன் குறையும். சில கருவிகள் அந்த நேரத்தில் சாதாரண மின் கம்பிச் சுருளின் துணையையும் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, வெளியே உறைநிலைக்குக் கீழே போகும் ஊர்களில் ஹீட்டரை முழுசாக அணைத்துவிட்டு வெளியூர் போகக் கூடாது. குழாயில் தண்ணீர் உறைந்து விரிந்து குழாயே பிளந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டில், அதாவது அறை எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று வைக்கும் கருவியில், 1 டிகிரி குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்றும் கேட்பார்கள். அதை நீங்களே கணக்குப் போடலாம். உள்ளே 21, வெளியே 5 என்றால் வித்தியாசம் 16. உள்ளே 20 ஆக்கினால் வித்தியாசம் 15. ஆக, பதினாறில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 6 சதவீதம். வெளியே 11 டிகிரி இருக்கும் ஊரில் அதே 1 டிகிரிக்கு 10 சதவீதம் மிச்சம். குளிர் மிதமாக இருக்கும் ஊர்களில்தான் இந்த ஒரு டிகிரிக்கு மதிப்பு அதிகம்.

சரி, இதெல்லாம் ஹீட்டர் கணக்கு. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. நமக்குக் குளிர்வதும் குளிராததும் அறைக் காற்றின் சூட்டை மட்டும் பொறுத்தது அல்ல.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரவில், திரைச்சீலை இல்லாத கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். அறையின் வெப்பமானி 21 காட்டும். ஆனாலும் ஜன்னல் பக்கத்துத் தோளும் கன்னமும் சில்லென்று இருக்கும். 'காற்று வருகிறது போல' என்றுதான் தோன்றும். இப்போது ஒரு அட்டையை எடுத்துத் தோளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பிடியுங்கள். ஜன்னலைத் தொடாமல், எதையும் மூடாமல், அந்தச் சில்லிப்பு அப்போதே குறையும். அங்கே காற்று மட்டும் காரணமாக இருக்கவில்லை. உங்கள் உடம்பு தன் வெப்பத்தைக் கதிராக அந்தக் குளிர்ந்த கண்ணாடி மேல் வீசிக்கொண்டிருந்தது, அட்டை அதை மறித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. சுற்றியுள்ள சுவரும் கண்ணாடியும் குளிர்ந்து கிடந்தால் அது வேகமாகப் பறிபோகிறது. காற்று அசையாத அறையில், தோராயமாகச் சொன்னால், காற்றின் வெப்பத்துக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பத்துக்கும் சராசரியைத்தான் உடம்பு உணர்கிறது. காற்று 22, சுவர்கள் 14 என்றால் உங்களுக்கு அது 18 டிகிரி அறை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் போவ்ல் ஓலே ஃபாங்கர் 1970இல் இந்த விஷயத்தைக் கணக்காகவே வகுத்தார். காற்றின் வெப்பம், சுற்றுப் பரப்புகளின் வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், போட்டிருக்கும் துணி, செய்யும் வேலை என்று ஆறு விஷயங்கள் அவர் கணக்கில் வரும். ஹீட்டர் பெரும்பாலும் முதல் ஒன்றைத்தான் தொடுகிறது. மீதி ஐந்தில் பலதை நாம் செலவில்லாமல் மாற்ற முடியும்.

அதனால் முதல் வேலை, உங்கள் மாமியாரின் நாற்காலியும் கட்டிலும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டியோ ஜன்னலடியிலோ இருந்தால் உள்சுவர் பக்கம் நகர்த்துங்கள். முடியாவிட்டால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, சுவரில் கனமான துணி ஏதாவது தொங்கவிடுங்கள். தரை டைல்ஸ் என்றால் அவர் கால் வைக்கும் இடத்தில் கனமான கம்பளம். இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகும். தெர்மோஸ்டாட்டை 2 டிகிரி ஏற்றியிருந்தாலும் கிடைக்காத சுகம் இதில் கிடைக்கலாம்.

துணி விஷயமும் இதில்தான் வருகிறது. ஒரு கனமான ஸ்வெட்டர், சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு, அறையை ஒன்றரை முதல் 2 டிகிரி வரை ஏற்றியதற்குச் சமம். ஒரே தடித்த துணியைவிட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. நம்மைச் சூடாக வைத்திருப்பது துணிக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான். குளிர் தெரிந்தால் உடம்பு முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, நடு உடம்பைக் காப்பாற்றப் பார்க்கும். கால் சில்லிட்டால் காலுறை மட்டும் போதாது, மார்பையும் முதுகையும் மூட வேண்டும் என்பது அதனால்தான்.

இப்போது காற்றுக் கசிவு. குறைந்த செலவில் அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இது. பலரும் தப்பாகத் தேடும் இடமும் இதுதான்.

சூடான காற்று லேசானது, மேலே போகும். கூரையில், மச்சுக் கதவில், மேல் ஜன்னலின் விளிம்பில் சந்து இருந்தால் அங்கே வெளியேறும். வெளியேறிய காற்றுக்குப் பதில் காற்று வந்தாக வேண்டுமே? அது கீழே, கதவடியிலும் குழாய்த் துளைகளிலும் புகுந்து வரும். கால் சில்லிடுகிறது என்று கீழே மட்டும் அடைத்துக்கொண்டிருப்போம், குற்றவாளி மேலே இருப்பான். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மாடி வீடு என்றால் மேல் பக்கம் இன்னும் முக்கியம்.

கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். வெளியே குளிரும் காற்றும் இருக்கும் நாளாகப் பாருங்கள். எல்லா ஜன்னல் கதவுகளையும் சாத்திவிட்டு, சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் விசிறிகளைப் போட்டுவிடுங்கள். அவை உள்காற்றை இழுத்து வெளியே தள்ளும்போது, வெளிக்காற்று சந்துகள் வழியே வேகமாக உள்ளே வரும். எரிவாயுவோ விறகோ எரிந்து புகைப்போக்கி வழியே வெளியேறும் கருவி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் இந்தச் சோதனைக்கு முன் அதை அணைத்துவிடுங்கள், விசிறி அதன் புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும். ஊதுபத்தியைக் கொளுத்தி, திரைச்சீலையில் படாமல், சட்டங்களின் ஓரமாக மெதுவாகக் கொண்டு போங்கள். புகை நேராக மேலே போகிற வரை ஒன்றும் இல்லை. திடீரென்று மடிந்து படுத்தாலோ, சுழன்றாலோ அங்கே ஒரு பென்சில் குறி. ஜன்னல் பலகைகள் ஒன்றோடொன்று சேரும் இடம், ஜன்னல் சட்டம் சுவரோடு சேரும் இடம், வாசல் கதவின் அடி, வெளிச்சுவரில் இருக்கும் ஸ்விட்ச் பெட்டி, ஏசிக் குழாய் போகும் துளை, மச்சுக்கு ஏறும் கதவு, இவற்றை விடாமல் பாருங்கள்.

நான் பார்த்த ஒரு வீட்டில், சமையலறையில் நின்றால் கணுக்கால் விறைத்துப் போகிறது என்று இரண்டு குளிர்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை மாற்றியிருந்தார்கள், கதவுக்குப் பட்டை ஒட்டியிருந்தார்கள். ஊதுபத்தியோடு சுற்றி வந்தேன், எங்கும் புகை அசையவில்லை. கடைசியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. கழிவுநீர்க் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் குழாயைச் சுற்றி முஷ்டி நுழையும் அளவுக்கு இடைவெளி. குழாய் போட்டவர்கள் பூசாமலே போய்விட்டார்கள், அலமாரி அதை மறைத்துவிட்டது. பீய்ச்சியதும் உப்பி இறுகும் ஃபோம் ஒரு குப்பியில் வேலை முடிந்தது.

சின்னச் சந்துதானே என்று விடாதீர்கள். 90 சென்டிமீட்டர் அகலக் கதவின் அடியில் வெறும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும், அது மொத்தம் 27 சதுர சென்டிமீட்டர். கதவில் பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் அளவில் ஒரு சதுர ஓட்டை வெட்டியதற்குச் சமம். அப்படி ஓர் ஓட்டை கண்ணுக்கு நேரே இருந்தால் ஒரு நாள் விட்டுவைப்போமா?

அசையாத சந்துகளுக்கு சிலிகான் அல்லது அக்ரிலிக் சீலன்ட். பெரிய ஓட்டைக்கு ஃபோம். திறந்து மூடும் இடங்களுக்கு ஒட்டும் ரப்பர் பட்டை. அதை ஒட்டுமுன் இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் உரிந்து வரும். கதவடிக்கு பிரஷ் பட்டை, அதுவும் இல்லையென்றால் பழைய துணியைச் சுருட்டி நீளமாகத் தைத்துப் போடலாம், வாடகை வீட்டுக்கு அதுவே போதும். அடைக்கவே கூடாத துளைகளும் உண்டு. எரிவாயு அடுப்பு, எரிவாயு கீசர், பாய்லர், விறகு அடுப்பு இவை இருக்கும் இடத்தில் காற்றுக்காகவே வைத்திருக்கும் துளைகளை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள்.

ஜன்னலுக்கு வருவோம். ஒற்றைக் கண்ணாடி போட்ட 1.5 சதுர மீட்டர் ஜன்னல், உள்ளுக்கும் வெளிக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஏறக்குறைய 165 வாட் வெப்பத்தை வெளியே விடும். 10 மணி நேர இரவுக்கு 1.6 யூனிட்டுக்கு மேல், ஒரே ஜன்னலில். சாதாரண இரட்டைக் கண்ணாடி இதைப் பாதியாக்கும். வெப்பக்கதிரைத் திருப்பும் மெல்லிய பூச்சும் நடுவே ஆர்கான் வாயுவும் உள்ள புது வகைக் கண்ணாடி நாலில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவரும். அதை மாற்றப் பெரிய செலவாகும். இந்தக் குளிர்காலத்துக்குச் செய்யக்கூடியது, ஜன்னல் சட்டத்தின் மேல் தெளிவான பிளாஸ்டிக் ஃபிலிமை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, முடி உலர்த்தியால் சூடு காட்டி விறைப்பாக இழுப்பது. கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒன்று இரண்டு சென்டிமீட்டர் காற்று அசையாமல் நிற்க வேண்டும், அதுதான் வேலை செய்வது. வெளிச்சம் முக்கியம் இல்லாத ஜன்னலில் பொருள் சுற்றி வரும் குமிழி ஷீட்டை ஒட்டினாலும் பலன் உண்டு.

திரைச்சீலையைப் பெரும்பாலோர் தப்பாகத்தான் போடுகிறார்கள். மேலே திறந்தும் கீழே தொங்கிக்கொண்டும் இருந்தால், கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று திரைக்குப் பின்னால் வழுக்கி இறங்கி அடியில் அறைக்குள் வரும், மேலே சூடான காற்று உள்ளே போகும். நாமே ஒரு குளிரூட்டியை ஓடவிட்டதுபோல ஆகிவிடும். மேலே கம்பியை மூடினாற்போல ஒரு பலகையோ துணியோ, கீழே தரையையோ ஜன்னல் திண்டையோ தொடும் நீளம், பக்கங்களில் சுவரைத் தொடும் அகலம், இப்படி இருக்க வேண்டும். ஜன்னலுக்கு அடியில் ரேடியேட்டர் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகத் தகடு) இருந்தால் திரை அதன் மேல் விழக் கூடாது, திண்டோடு நிற்கட்டும். பொழுது சாய்ந்ததும் மூடிவிட்டு, காலையில் வெயில் விழும் பக்கத்தில் முழுசாகத் திறந்துவிடுங்கள். பூமியின் வட பாதியில் குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாகப் போவதால் தெற்கு ஜன்னல் வழியே வெயில் அறையின் உட்புறம் வரை வரும். அந்த வெப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

சொந்த வீடு, மேல் மாடி என்றால் கூரைதான் பெரிய விஷயம். 10 சென்டிமீட்டர் கண்ணாடி இழைப் பஞ்சு தடுக்கிற வெப்பத்தைத் தடுக்க வேண்டுமானால் 3 மீட்டருக்கும் அதிகத் தடிமனில் கான்கிரீட் போட வேண்டியிருக்கும். 'நல்ல கெட்டியான கூரை' என்று இருந்துவிடக் கூடாது. கெட்டியான பொருள் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். பஞ்சைப் போடும்போது அமுக்கிவிடாமல், இடையில் சந்து விடாமல் போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் கூரையில் இருக்கும் காற்றுச் சந்துகளை அடைத்துவிட வேண்டும், பஞ்சு காற்றை வடிகட்டுமே தவிர நிறுத்தாது.

ரேடியேட்டர் வீடுகளுக்கு இரண்டே வார்த்தை. ரேடியேட்டருக்கு முன்னால் சோபாவைப் போடாதீர்கள். அப்புறம், தண்ணீரைச் சூடாக்கி அனுப்புவது எரிவாயு கண்டென்சிங் பாய்லர் (புகையில் போகும் வெப்பத்தையும் மீட்டெடுக்கும் வகை) என்றால், அறை வெப்பத்துக்கான தெர்மோஸ்டாட் வேறு, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு வேறு. இரண்டாவதை 75, 80இல் வைத்திருந்தால் 60க்கோ 55க்கோ இறக்குங்கள். திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் இருக்கும் நீராவி நீராக மாறி, அதில் இருந்த வெப்பமும் வீட்டுக்குக் கிடைக்கும். அறை சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவே.

சுடுதண்ணீரில் எவ்வளவு போகிறது என்று பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நிமிடத்துக்கு 9 லிட்டர் விழும் ஷவரில் 10 நிமிடம் குளித்தால் 90 லிட்டர். 10 டிகிரித் தண்ணீரை 40க்குக் கொண்டுவர 3 யூனிட்டுக்கு மேல் ஆகும், அதாவது அந்த 1500 வாட் ஹீட்டரை 2 மணி நேரம் ஓடவிட்ட கணக்கு. 5 நிமிடத்தில் முடித்தால் பாதி. ஆனால் தொட்டியில் தேக்கிவைக்கும் கீசரை 60 டிகிரிக்குக் கீழே இறக்கி மிச்சம் பிடிக்க வேண்டாம். இளஞ்சூட்டில் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும், வயதானவர்களுக்கு அது நுரையீரலைத் தாக்கும். தொட்டியை 60இல் வைத்து, குழாயில் வரும்போது பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

இரவுக்கு நான் சொல்வது, அறையை விட்டுவிட்டுப் படுக்கையைச் சூடாக்குங்கள். ஒன்றரை லிட்டர் வெந்நீர்ப் பையில் அடைபடும் வெப்பம் 0.1 யூனிட்டுக்கும் குறைவு. 100 வாட் மின் போர்வையைப் படுப்பதற்கு அரை மணி முன்னால் போட்டு, படுத்ததும் அணைத்தால் 0.05 யூனிட். 1500 வாட் ஹீட்டர் 8 மணி நேர இரவில் பாதி நேரம் மட்டும் ஓடினாலும் 6 யூனிட். மின் போர்வையைவிட நூறு மடங்குக்கும் மேல். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழே மெத்தை மெல்லியதாக இருந்தால் குளிர் ஏறும், உடல் எடையில் அமுங்கிய துணியில் காற்று நிற்காது. ஒரு கம்பளியை விரிப்புக்குக் கீழே போட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் அடைத்த வீட்டில் ஈரம் தேங்கும், அதையும் கவனிக்க வேண்டும். இரண்டு பேர் உறங்கும் அறையில் ஒரு இரவில் மூச்சிலும் வியர்வையிலும் மட்டும் அரை லிட்டருக்கு மேல் நீர் காற்றில் சேரும். அது குளிர்ந்த சுவரில் படிந்தால் பூஞ்சை. ஈரத்துணியை அறைக்குள் காயப்போட்டால், ஒவ்வொரு லிட்டர் நீரும் ஆவியாக அறையின் வெப்பத்தில் 0.7 யூனிட் அளவை எடுத்துக்கொள்ளும். வழி இல்லையென்றால் ஒரே அறையில் கதவைச் சாத்தி, அந்த ஜன்னலைச் சற்றுத் திறந்து உலர்த்துங்கள்.

'ஜன்னலைத் திறந்தால் சூடெல்லாம் போய்விடாதா?' என்று கேட்பார்கள். காற்று அதிக வெப்பத்தைப் பிடித்துவைப்பதில்லை. 30 கனமீட்டர் அறையின் காற்று முழுவதையும் ஒருமுறை மாற்றினால், 20 டிகிரி வித்தியாசத்தில், போவது 0.2 யூனிட்தான். சுவரிலும் சாமான்களிலும் இருக்கும் வெப்பம் அப்படியே இருக்கும். அதனால் எதிரெதிர் ஜன்னல்களைக் காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள், அந்த நேரம் ஹீட்டரை நிறுத்திவிட்டு. நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பதுதான் நஷ்டம். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள், 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.

உயிர் விஷயம் ஒன்று இருக்கிறது. அறைக்குள் கரி மூட்டிக் குளிர்காய்வது, சமையல் எரிவாயு அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கி, உறக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எரிபொருள் எரியும் கருவி எது இருந்தாலும் அதற்கான அலாரம் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். மின் ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அல்ல. துணி, திரைச்சீலை, படுக்கை எல்லாம் 1 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

இனி உங்கள் வீட்டின் இரண்டு பேரைப் பற்றி. குளிர் பிரதேசங்களில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது, வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சொன்னது. சிக்கனம் அந்த எல்லைக்கு மேலேதான். அவர்கள் இருவரும் இருக்கும் ஓர் அறையை 20 அளவில் வைத்து, மற்ற அறைகளைக் கதவு சாத்திக் குறைத்து வைப்பது நல்ல ஏற்பாடு. வயதாக ஆகக் குளிர் உறைக்கும் உணர்வு மங்கும். மாமியார் 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று சொன்னாலும் நம்பாமல், அவர் அறையில் வெப்பமானியை மாட்டி அதைப் பாருங்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்திருந்தால் வெந்நீர்ப் பையைக் காலில் வைக்கவே கூடாது, புண்ணாவது தெரியாமலே வெந்துவிடும்.

குழந்தை விஷயத்தில் நாம் பெரும்பாலும் கூடுதலாகவே போர்த்துகிறோம். கை கால் தொட்டுப் பார்த்துச் சில்லிட்டிருக்கிறது என்று பதற வேண்டாம், மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள், அங்கே கதகதப்பாக இருந்தால் போதும். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள். ஒரு வயதுக்குள் தூங்கும்போது தளர்வான போர்வையும் தொப்பியும் வேண்டாம், முகத்தை மூடிவிடும் ஆபத்து உண்டு. உடம்போடு போடும் தூக்கப் பை போட்டுவிடலாம். மின் போர்வையும் வெந்நீர்ப் பையும் அதன் படுக்கையில் கூடாது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு இரவு மட்டும் இதைச் செய்யுங்கள். யாரும் படுக்காத ஓர் அறையில் 10 மணிக்கு ஹீட்டரை அணைத்து, வெப்பமானி காட்டுவதையும் வெளி வெப்பத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு மறுபடி குறியுங்கள். 20இல் இருந்தது 14க்கு இறங்கியிருந்தால் 6 டிகிரி. அந்த அறையின் சந்துகளை அடைத்து, ஃபிலிம் ஒட்டி, திரைச்சீலையைச் சரி செய்த பிறகு, வெளியே அதே அளவு குளிரும் இரவாகப் பார்த்துத் திரும்பச் செய்யுங்கள். அந்த 6 எவ்வளவு ஆகிறது என்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போகலாம்.